பத்துப் பேர் டீம்

சொந்த சனம் மொத்தமும் ஊரைவிட்டுக் கப்பலேறிப் போன பிறகு, அவர்கள் கால்பந்து சங்கத்தில் மிஞ்சியது பத்தே பேர். இன்றைய ஆட்டத்தில் பதினொரு பேர் இறங்காவிட்டால் லீக் பட்டியலிலிருந்து சங்கத்தின் பெயரையே அடித்துவிடுவார்கள்.

ஆட்டத்துக்கு முன் தங்கள் பாஷையில் ஆளுக்கொரு எண் கத்துவது அவர்கள் வழக்கம். பத்தாவதாக, கோல் காக்கும் கோலி கத்தியதும், அதே பாஷையில் இன்னொரு குரல் "பதினொண்ணு!" என்றது. நடுவர் தலைகளை எண்ணிப் பார்த்து விசில் ஊதினார்.

"டேய், எவன்டா அது?" என்றான் கேப்டன்.

"அப்புறம் கேளு மாப்ள, ஓடு!"

கடைசி நிமிடத்தில் கோல்!

"நம்ம பேரு நெலச்சிடுச்சுடா!" என்று கேப்டன் குதித்தான். கோலி உட்பட எல்லோரும் ஓடிவந்து கோல் அடித்தவனைத் தோளில் தூக்கினார்கள். வியர்வையில் நனைந்த உடம்பு, நல்ல கனம். தூக்கியபடியே கேப்டன் தன்னையும் சேர்த்து ஆட்களை எண்ணினான்.

தூக்கிக்கொண்டிருந்தவர்கள் பத்துப் பேர்.