மேல் ஓரம்

"கள்ளன்! முழுக் கள்ளன்!"

கனகலிங்கம் மாஸ்டர் போட்ட சத்தத்தில், மஃறூப்பின் கடைக்குப் போட்டோ கொப்பி எடுக்க வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கள்ளன் கடையில் இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருந்தான்.

ஹற்றன் பஜாரில் மஃறூப் தன் கடைக்கு இன்டர்நெட் எடுத்த நாளிலிருந்து, சனிக்கிழமை என்றால் மாஸ்டர் அங்கேதான். தன் சேகரிப்புக்காக, பழைய தபால் முத்திரைகளை அதில் விலைக்குப் போடுகிறவர்களைத் துருவித் துருவிப் பார்ப்பார்.

இன்றைக்கு மனைவி சிவனேஸ்வரியும் கூட வந்திருந்தாள். கையில் மகன் கஜதீபனின் படம் வைத்த உறை. வட்டகொடையில் ஒரு பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அண்ணன் கனடாவில். மாப்பிள்ளையின் படத்தை ஈமெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தான்.

"இஞ்சருங்கோ, முதல்லை பிள்ளையின்ரை படத்தை அனுப்புவமே? மழை இருட்டுது. லைன் போயிடும்."

"பொறுமப்பா. இந்தக் கள்ளன்ரை வேலையைப் பாரும்."

மன்னர் தலை போட்ட முத்திரை ஒன்று திரையில் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல இறங்கி முடிந்தது.

"நல்லாத்தானே இருக்கு சேர்?" என்றான் மஃறூப்.

"எங்கை மேல் ஓரம்? முத்திரை எண்டா நாலு ஓரமும் தெரிய வேணும். இவன் கிரீடத்தோடை வெட்டிப்போட்டான். ஏன் வெட்டினவன்? அங்கை கிழிஞ்சிருக்கு!"

"அட!"

"கீழை வாசியும். 'வயசுக்கேத்த நல்ல நிலை'யாம். பழுது எண்டு சொல்ல வெக்கம். 'கேட்டு வாறவை கனபேர், கெதியா முடிவு சொல்லுங்கோ'வாம். யோசிக்க விடாமல் அந்தரப்படுத்திறான். கடைசியிலை, 'திருப்பி எடுக்கமாட்டம்'. இப்பிடியும் ஒரு பிழைப்போ?"

சிவனேஸ்வரிக்கு முத்திரையில் மனம் போகவில்லை. பிள்ளைக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது. வந்த சம்பந்தங்கள் எல்லாம் ஒரே மாதிரித்தான் போயின. படம் பிடித்துப்போய் ஓடி வருவார்கள். பிள்ளை முன்னால் வந்து இருந்ததும் முகம் மாறிவிடும். தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போவார்கள். பிறகு மூச்சில்லை.

"இதுவும் பிழைச்சால் என்னப்பா செய்யிறது?"

"ஓடினவைக்குக் குடுத்து வைக்கேல்லை. சும்மா அழாதையும்."

மாஸ்டர் ஒருவழியாக உறையை மஃறூப்பிடம் நீட்டினார்.

"படத்தோடை இதையும் அடியும் தம்பி. பெடியன் கினிகத்தேனையிலை வங்கி உத்தியோகம். குடியில்லை, சிகரெட் இல்லை. வயசுக்கேத்த நல்ல தோற்றம். கேட்டு வாறவை கனபேர், கெதியா முடிவு சொல்லுங்கோ."

அடித்துக்கொண்டிருந்த மஃறூப்பின் விரல் நின்றது. உறையிலிருந்த படத்தை எடுத்துப் பார்த்தான். நல்ல சிரிப்பு, நல்ல கண். படம் புருவத்துக்குக் கொஞ்சம் மேலே முடிந்துபோயிருந்தது.

"சேர், மகனுக்கு நெத்திக்கு மேல ஒண்ணையும் காணோமே?"

"அங்கை ஒண்டும் இல்லைத் தம்பி" என்றாள் சிவனேஸ்வரி. "அதுதான் இவர் வெட்டினவர்."

"உமக்கு வாயை வைச்சுக்கொண்டு இருக்கேலாதோ?" மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "நேரிலை வந்து பாக்கேக்கை தெரியத்தானே போகுது. முதல்லை வரட்டும்."

மஃறூப் சிரிக்காமல் கேட்டான். "அப்ப, 'திருப்பி எடுக்கமாட்டோம்' என்டும் போடவா சேர்?"

போட்டோ கொப்பி எடுக்க வந்தவர்கள் சிரித்த சிரிப்பில் மாஸ்டருக்குத் திரையைத் தவிர வேறு எங்கும் பார்க்க முடியவில்லை. அங்கே மன்னர், மேல் ஓரம் இல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிவனேஸ்வரி கைப்பையைத் திறந்தாள். விரல் அகலத்தில் ஒரு துண்டுப் படம். மாஸ்டர் கத்தரித்து எறிந்தது. பிள்ளையின் தலை குப்பைக்குள் கிடக்கக் கூடாது என்று எடுத்து வைத்திருந்தாள்.

ஸ்கேனர் கண்ணாடியில் கஜதீபனின் முகத்துக்கு மேலே அந்த மினுமினுத்த துண்டைப் பொருத்தி வைத்தாள்.

"இவர் சொன்ன மாதிரியே அனுப்புங்கோ தம்பி. நாலு ஓரமும் தெரியட்டும்."