ஜன்னல் இல்லாத அறைக்கு ஒரு செடி

"இதையும் கொன்னுட்டீங்களா சார்?"

செடிக்காரி கேட்டது கோபமாக இல்லை. சாயங்காலம் மழை வருமா என்று விசாரிப்பதுபோல் கேட்டாள். அவள் விரல் பட்டதும் குரோட்டன் செடியின் கடைசிக்கு முந்தைய இலை கழன்று, அவசரமே இல்லாமல் இறங்கி, மேஜையில் இருந்த பழைய கோப்பின்மேல் படுத்துக்கொண்டது.

ரெக்கார்டு அறைப் பொறுப்பாளன் எழுந்து நின்றான். கொலை வழக்கில் எழுந்து நிற்பதுதானே மரியாதை.

"சத்தியமா நீங்க சொன்னபடிதாங்க தண்ணி ஊத்தினேன்."

"ரொம்ப ஊத்திட்டீங்களோ?"

"ஸ்பூன்ல ஊத்தினேங்க."

"அப்போ ஏசிதான். நேரா செடி மேல அடிக்குது."

புதுத் தொட்டியை எங்கே வைப்பது என்று அவள் அறையைச் சுற்றி வந்தாள். மூலையில் நின்றாள். அலமாரிப் பக்கம் நின்றாள். உள்ளங்கையை விரித்துக் காற்று வரும் வழி பார்த்தாள். பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்து முடிந்த பிறகும் முதலிலிருந்து ஒரு தரம் பார்த்தாள்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆபீசில் அறைக்கும் அவனுக்கும் ஒரே பட்டப்பெயர், 'குகை'. வெளியே வெயிலா மழையா என்பதை உள்ளே வருகிறவர்களின் தலைமுடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். ஆனால் அவள் மண்வாசனையோடு நுழையும் நாளில் ட்யூப்லைட்கூட இளமஞ்சளாக எரியும். ஏசியின் இரைச்சல் எங்கோ ஓடும் ஆறாகிவிடும். அலமாரிகள் மெல்லக் கிளை பிரியும். அவள் போனதும் பழையபடி அலமாரி, கோப்பு, குகை.

அவள் வீட்டாருடையது செடி வாடகைக்கு விடும் நர்சரி. செடி தேறிவிட்டால் ஆபீஸ் ஆட்களே தண்ணீர் ஊற்றிக்கொள்வார்கள். வாடினால்தான் அவள் மாற்றித் தர வருவாள். வரவேற்பறையில் அவள் வைத்த பாம்புச் செடியும், மேனேஜர் அறையில் வைத்த மணி பிளான்ட்டும் ஜாம் ஜாமென்று இருந்தன. அந்தப் பக்கம் அவள் அப்புறம் எட்டிப் பார்த்ததே இல்லை. குகைக்கு மட்டும் இது நாலாவது குரோட்டன்.

"மேனேஜர் சொல்லிட்டாருங்க, இதுதான் கடைசியாம். இதுவும் போச்சுன்னா செடி படம் ஒண்ணு வாங்கி மாட்டிக்கோன்னுட்டார்."

அவள் கை தொட்டி விளிம்பிலேயே நின்றது.

"படம் வாடாதே" என்றாள் கடைசியில். "அப்போ இதை நல்லாப் பாத்துக்கோங்க."

"நல்லா வளர்ந்தா மட்டும் வந்துடுவீங்களா?"

கேட்டு முடித்த பிறகுதான், கேட்டது தான்தான் என்று அவனுக்கே தெரிந்தது. அவள் இலையில் இல்லாத தூசியை நிதானமாகத் துடைத்தாள்.

"நல்லா இருக்கற செடியைப் பாக்கப் போனா எங்கப்பா திட்டுவார் சார்."

செடி பிழைத்தால் அவள் வரமாட்டாள். செத்தால் வரவிடமாட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இருந்தாலும் ஒரு உயிரை வாடவிட அவனுக்கு மனம் வரவில்லை. ஏசி காற்றுக்கு அட்டையால் மறைப்புக் கட்டினான். இலைகளோடு பேசினான். ஒரு மதியம் மேஜையில் தலை சாய்ந்தபோது செடி கூரையைப் பிளந்துகொண்டு வளர்ந்தது. உச்சிக் கிளையில் அவள் கால்களை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீழே குகை முழுக்க வெயில். விழித்துப் பார்த்தால் கன்னத்தில் ஒரு இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

எதிரே செருப்பில் சேறோடு ஒரு பெரியவர் நின்றார்.

"நர்சரி என்னோடதுதான் தம்பி. இங்க செடி வைக்கறது என் பொண்ணு."

அவன் பதறி எழுந்தான். "ஐயா, அவங்க மேல ஒரு தப்பும் இல்லைங்க. என் கை ராசி அப்படி. அவங்களைத் திட்டாதீங்க."

பெரியவர் நாலு சுவரையும் நோட்டம் விட்டார். "ஜன்னல் எங்க?"

"இல்லைங்க. கட்டும்போதே மறந்துட்டாங்க."

"ம்" என்றார். "இங்கருந்து திரும்பி வந்த குரோட்டன் ஒண்ணுகூடச் சாகலை. தோட்டத்துல வெச்சதும் துளிர்த்துடுச்சு. அது வெயில் செடி தம்பி, இருட்டுல வெச்சா இலையைக் கொட்டத்தான் செய்யும். பள்ளிக்கூடம் போற வயசுலயே என் பொண்ணு இதை ஊருக்கே சொல்லிக்கொடுப்பா."

நாற்காலியை இழுத்துப்போட்டு நிதானமாக உட்கார்ந்தார்.

"சொல்லுங்க, உங்க வீட்ல நான் யார்கிட்ட வந்து பேசணும்?"