அசையாத ரசிகர்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது. லண்டன் மீது குண்டுமழை. அந்த நிலவறை நாடக அரங்கில் மட்டும் உட்கார இடமில்லை.

"சண்டைக்கு முன்னாடி இங்க காத்தாடுச்சு எடித். இப்போ மேல குண்டு விழுது, ஒருத்தன் அசையல பாரு," என்று ஒட்டுமீசையைச் சரிசெய்தார் நடிகர் பெர்சிவல். "ஜனங்களுக்கு இப்பத்தான் கலையோட அருமை புரியுது."

ஒப்பனைக்காரி எடித், "ம்" என்றாள்.

கடைசிக் காட்சி. காதலியின் மடியில் பெர்சிவல் உயிரை விடும் நேரம் பார்த்து, வெளியே ஆபத்து நீங்கியதற்கான சங்கு ஒலித்தது.

அரங்கம் மொத்தமும் எழுந்து, தொப்பியை மாட்டிக்கொண்டு படியேறியது.

செத்துக்கொண்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

கடைசியாகப் போன அம்மாள் மட்டும் மனசு கேட்காமல் திரும்பினாள்.

"கவலைப்படாதீங்க சார். நாளைக்கும் குண்டு போடுவான். நாங்க வந்துடுறோம்."