ஃப்ரிட்ஜுக்கு ஒரு கேள்வி

“கேள்விக்குச் சரியா பதில் சொன்னாத்தான் ஃப்ரிட்ஜ். இல்லைன்னா வேற சீட்டு எடுப்போம்” என்றார் வக்கீல்.

தையல்காரம்மாவின் முகத்தில் அதுவரை இருந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

“குலுக்கல்ல என் பேருதானே விழுந்துச்சு? இன்னும் என்ன கேள்வி?”

“பேர் விழுந்தது அதிர்ஷ்டம். வெறும் அதிர்ஷ்டத்துக்குப் பரிசு கொடுத்தா, சட்டப்படி அது சூதாட்டம். கொஞ்சமாவது திறமை காட்டணும். நான் ஒரு கணக்கு கேப்பேன். பெருக்கல், கழித்தல் எல்லாம் வரும். மனசுக்குள்ளேயே போட்டுச் சொல்லணும். ஒரே வாய்ப்பு. யாரும் உதவி பண்ணக் கூடாது.”

“கணக்கா?”

அந்த அம்மா கேட்ட விதத்திலேயே காரியம் கெட்டது என்று கடை மேனேஜருக்குப் புரிந்துவிட்டது.

ஆண்டு விழாக் குலுக்கல் அவருடைய யோசனைதான். அதை முறைப்படி நடத்திக் கொடுக்க முதலாளி அமர்த்தியவர் இந்த வக்கீல். நரைத்த தலை, சிரிக்காத முகம். விளம்பரத்தில் எந்த நல்ல வார்த்தை வந்தாலும் அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடியில் ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று பொடி எழுத்தில் சேர்ப்பவர். கடையில் எல்லோரும் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘நட்சத்திரம்’.

“எனக்குக் கணக்கு வராதுங்க” என்றார் தையல்காரம்மா. “நாலாங்கிளாஸ்ல வாத்தியார் போர்டு முன்னாடி நிக்க வச்சுக் கேட்டார். முழிச்சேன். கிளாஸே சிரிச்சது. அன்னைக்கு விட்டதுதான் பள்ளிக்கூடம்.”

கூடியிருந்த வாடிக்கையாளர்களில் யாரோ ‘உச்’ கொட்டினார்கள்.

மேனேஜர் வக்கீலை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“சார், பாவம் சார். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. இன்சுலினை வைக்க ஃப்ரிட்ஜ் இல்லாம பக்கத்து வீட்டுல கொடுத்து வச்சிருக்காங்க. போன வாரம் அவங்க வீட்டைப் பூட்டிக்கிட்டு ஊருக்குப் போயிட்டாங்களாம். மருந்து உள்ளே, இவங்க வெளியே. காலையில நான் போன் பண்ணிப் பரிசுன்னு சொன்னதும் அழுதுட்டாங்க.”

“சரி. அதுக்கு?”

“ரெண்டும் ரெண்டும் எத்தனைன்னு கேட்டு விட்டுடுங்களேன்.”

“அது திறமைக் கணக்குல வராது. ஒரு படிக்கு மேல போகணும்.”

“அப்ப நீங்க என்ன வேணா கேளுங்க. நான் உங்க பின்னால நின்னு விரலை மடக்கிக் காட்டுறேன்.”

“காட்டுங்க. பரிசை ரத்து பண்ணிட்டு, உங்க கடை மேல நானே புகார் எழுதிக் கொடுக்கறேன்.”

மனுஷனா இவன், பாறாங்கல்லா என்று மேனேஜர் மனசுக்குள் திட்டினார். வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. முதலாளி கொண்டுவந்த ஆள்.

அதற்குள் தையல்காரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்.

“வேண்டாங்க. வேற யாருக்காவது கொடுத்துடுங்க.”

“அம்மா, முயற்சியாவது பண்ணிப் பாருங்களேன். தப்பானா என்ன குடியா முழுகிடும்?” என்றார் மேனேஜர்.

“இத்தனை பேர் முன்னாடி மறுபடி அசிங்கப்பட என்னால ஆகாது சார். கணக்குன்னாலே நாக்கு ஒட்டிக்குது.”

விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தார்.

“ஏம்மா, கொஞ்சம் நில்லுங்க!”

கூப்பிட்டது வக்கீல். மேனேஜருக்கு உயிர் வந்தது. பாறை இளகிவிட்டது!

“நீங்க தையல்காரங்கதானே?” என்று கேட்டபடி அருகே போனார் வக்கீல். “என் பேத்திங்க மூணு பேரு. ஒரே பிரசவம், ஒரே அளவு. ஆளுக்கு ஒரு பாவாடை தைக்கணும். ஒண்ணுக்கு ஒண்ணே முக்கால் மீட்டர் பிடிக்குமாம். என்கிட்ட இருக்கறது ஆறரை மீட்டர். அதுலயும் அரை மீட்டர் சாயம் வெளுத்துப் போச்சு, வெட்டி எறியணும். துணி பத்துமா? ஜவுளிக்கடைக்காரன் இன்னும் ஒரு மீட்டர் வாங்குன்னு பிடுங்கி எடுக்கறான்.”

மேனேஜர் பல்லைக் கடித்தார். கைக்கு வந்த பொருளை விட்டுவிட்டு ஒரு பொம்பளை கண் கலங்கிப் போகிறாள். இவருக்குப் பேத்தி பாவாடை கேட்கிறதா இப்போது?

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் வந்த வாடிக்கையாளரை விடுவாரா?

“இன்னும் எதுக்குங்க வாங்கணும்? தாராளமாப் பத்தும். முக்கால் மீட்டர் மிஞ்சும்.”

“நிச்சயமா?”

“கடைக்காரர் உங்க தலையில மொளகா அரைக்கப் பார்க்கறார். துணியைக் கொண்டுவாங்க. மிஞ்சுறதுல தலையணை உறை தைச்சுத் தர்றேன்.”

சொல்லிவிட்டு அவர் கதவைத் தள்ளினார்.

வக்கீல் மேஜைக்குத் திரும்பிப் பேனாவைத் திறந்தார். “மேனேஜர், ஓடிப்போய் அந்த அம்மாவைக் கூப்பிடுங்க, படி இறங்கிடப் போறாங்க. வண்டிக்கும் சொல்லிடுங்க. ஃப்ரிட்ஜ் அவங்க வீட்டுக்குப் போகட்டும்.”

“எப்படி சார்? நீங்க கேள்வியே கேக்கலையே!”

“பெருக்கல் இருந்தது, கழித்தல் இருந்தது. ஒரே வாய்ப்பு, யார் உதவியும் இல்லை. பதில் சரி. நீங்களே சாட்சி. ‘இதுதான் கேள்வி’ன்னு சொல்லிட்டுத்தான் கேக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லை.”

வாசல்வரை ஓடிய மேனேஜர் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப... உங்க பேத்திங்க பாவாடை?”

கையெழுத்தைப் போட்டு முடித்துவிட்டு வக்கீல் நிமிர்ந்தார்.

“பேத்தி ஏதுய்யா? எனக்கு இன்னும் பொண்ணே பார்க்கலை!”