பத்து விரல்

“கையை வெளியில எடுங்க! காலையிலதானே களிம்பு தடவிவிட்டேன்?”

கொத்தனார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். குளியலறை வாசலில் கலவைச் சட்டி. இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் சிமெண்டுக்குள் இருந்தன.

“சுவர்ல ஓட்டை, புள்ள. போறதுக்குள்ள அடைச்சுடலாம்னு...”

“கரண்டியைத்தான் ஒளிச்சு வச்சேனே?”

“அதான் கையால பூசுறேன்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். தண்ணீரை மொண்டு ஊற்றி, குழந்தைக்குக் கழுவுகிற மாதிரி ஒவ்வொரு விரலாகக் கழுவினாள். முப்பது வருடம் சிமெண்ட் தின்ற கை. விரல் நுனியெல்லாம் கூழாங்கல்போல வழவழவென்று கிடந்தது.

வெளிநாட்டுக் கட்டட வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் ஆபீஸில் சோதனைக்கு வைத்திருந்த மெஷினில் அவருடைய ஒரு விரல் ரேகையும் விழவில்லை. மூன்று முறையும் சிவப்பு விளக்குதான். அந்த நாட்டில் இறங்கியதும் பத்து விரலும் வைத்தாக வேண்டுமாம். அவருக்கு வயது நாற்பத்தைந்து. இதை விட்டால் எந்தக் கம்பெனியும் எடுக்காது. இங்கேயோ வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தால் பெரிது. வீட்டில் சாப்பிட ஐந்து வாய்.

“ரேகை விழலைன்னா கொஞ்ச நேரம் உட்கார வச்சுட்டு, போட்டோ எடுத்துட்டு விட்டுடுவாங்களாம். பத்துப் பேர்ல எட்டுப் பேரை விட்டுடுறாங்கன்னு ஏஜெண்டே சொன்னாரே” என்றார் கொத்தனார்.

“மிச்ச ரெண்டு பேர்ல நீங்க ஒருத்தரா இருந்தா? எதிர் வீட்டுக் கம்பி கட்டுறவர் ரேகை விழாம போன வேகத்துல திரும்பி வரலை? வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழியை உடைக்காதீங்க.”

“அப்ப வேலைக்கும் போக வேணாங்கிறியா?”

“நான் போறேன். கல்லு சுமக்க எனக்கு ரேகை வேணாம்.”

சொன்னபடியே போனாள். மூன்று வாரம் அவருக்குப் பதிலாகச் சித்தாளாகச் செங்கல் சுமந்தாள். சாயங்காலம் வந்ததும் முதல் வேலை, அவர் விரல்களை வெந்நீரில் ஊற வைத்துக் களிம்பு தடவுவது. மருந்துக் கடைக்காரர் சொன்னது அவளுக்கு வேதவாக்கு: கல்லும் கலவையும் படாமல் இருந்தால் ரேகை தானாகத் திரும்பும்.

கொத்தனாருக்கோ கை அடங்கவில்லை. ஒருநாள் துணி துவைக்கிற கல்லில் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்டால் அரிப்பு என்றார். இன்னொரு நாள் பக்கத்து வீட்டுத் தொட்டிக்குள் இறங்கிக் கலவை குழைத்துக்கொண்டிருந்தார்.

“உங்களுக்கு என்ன, சிமெண்ட் மேல காதலா? கட்டின பொண்டாட்டியை இப்படித் தேடினதில்லை!” என்று அவரை இழுத்து வந்து, இரண்டு கையிலும் மூத்தவளின் பள்ளிக்கூட சாக்ஸை மாட்டி முடிச்சுப் போட்டாள். சோற்றை அவளே ஊட்டிவிட்டாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன. அவர் சிரிக்கவில்லை.

கிளம்புகிற காலையில் அவர் கையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். விரல் நுனியில் மெல்லிய கோடுகள், சுழிச்சுழியாக.

“முளைச்சுடுச்சுங்க! பத்துலயும் இருக்கு!”

கொத்தனார் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல காரியத்துக்குப் போறப்ப இப்படியா எழவு வீட்டு முகத்தோட நிப்பாங்க?”

“தனியா போறேன்ல” என்றார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் மதியம், மூன்றாவது மாடிக்குச் செங்கல் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. தலைச்சுமையை இறக்காமலேயே எடுத்தாள்.

“விழுந்துச்சாங்க?”

“விழுந்துச்சு. பத்தும், மொதல் தடவையிலயே.”

“நான் சொல்லலை?” அவளுக்குக் கண் கரித்தது. “சரி, கம்பெனி ஆளு வந்துட்டாங்களா?”

“வரமாட்டாங்க புள்ள. அடுத்த விமானத்துல என்னைத் திருப்பி அனுப்புறாங்க.”

“ரேகைதான் விழுந்துடுச்சே!”

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கல்யாணத்துக்கு முன்னாடி வேற பேர்ல இங்க வந்து மாட்டிக்கிட்டேன். இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னு பத்து விரலையும் பதிஞ்சுக்கிட்டுத்தான் விட்டாங்க. உங்கிட்டச் சொல்லத் தைரியம் வரலை. அந்த ரேகை திரும்ப முளைச்சுடக் கூடாதுன்னுதான் புள்ள, நான் திருட்டுத்தனமா சிமெண்டுல கையை விட்டுக்கிட்டே இருந்தேன்.”