புன்னைக்காயல் உறுப்பினர்கள்

"ஓட்டுக்கு ஆளு எதுக்குல? பேரு போதும்" என்றார் ஜெயசிங்.

கட்சியின் வட்டாரத் தலைவர் பதவிக்கு உட்கட்சித் தேர்தல். பத்து வருஷமாக அந்த நாற்காலியில் அற்புதமணி உட்கார்ந்திருந்தார். வட்டாரத்துக்கு அவர் செய்த ஒரே காரியம் அதுதான். அவரை எதிர்த்து நின்ற ஜெயசிங் அவரைவிடவும் ஒரு மாற்றுக் குறைந்தவர். இந்தத் தேர்தலில் தோற்றால் அறுபத்தேழாம் வருஷத் தேர்தலில் சட்டசபை டிக்கெட் கிடையாது என்று மேலிடம் சொல்லிவிட்டதால், புது உறுப்பினர்களுக்காகப் பறந்துகொண்டிருந்தார்.

அவருடைய கையாள் எஸ்றா, நாசரேத்துப் புராட்டஸ்டண்ட், நவம்பர் முதல் வாரம் புன்னைக்காயலுக்குப் போய் ஒரே நாளில் இருநூறு ஆண்களின் பெயர்களோடு திரும்பினான்.

"மாதா கோயில் கதவுல ஒட்டியிருந்துச்சு அண்ணாச்சி. கோயில் வரி கட்டுனவங்க பட்டியலு. ஒருத்தனும் வந்து கேள்வி கேக்க மாட்டான்."

ஜெயசிங் அவன் முதுகில் தட்டினார். இரண்டு கைகளாலும் மாறி மாறிக் கையெழுத்துப் போட்டு இருநூறு விண்ணப்பங்களையும் அவரே பூர்த்தி செய்தார். கூச்சமெல்லாம் அவருக்கு எப்போதோ விட்டுப்போயிருந்தது.

அந்த மாதக் கடைசியில், தேர்தலன்று, உறுப்பினர் கார்டுகள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள் கைக்குப் போயின. பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்லி ஜெயசிங் பக்கம் போய் நிற்க வேண்டும், முடிந்ததும் பிரியாணி. கட்சியின் ஜனநாயகம் அவ்வளவுதான்.

தேர்தலை நடத்த மாவட்டத்திலிருந்து வந்த ரெமிஜியுஸ் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களைப் படித்தார். ஜெயசிங் பக்கம் கூட்டம் நெரிந்தது. அற்புதமணி பக்கம் அவர் மைத்துனரும் இன்னும் சிலரும் நின்றார்கள். வெற்றி மாலையை வெளியே எடுக்கும்படி ஜெயசிங் எஸ்றாவுக்குக் கண்ணைக் காட்டினார்.

படிக்கப் படிக்க ரெமிஜியுஸின் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. ஒரு பெயரை மட்டும் இரண்டு தடவை படித்தார்.

"சந்தியாகு கர்வாலோ."

"உள்ளேன் அய்யா" என்று ஒரு வாட்டசாட்டமான வாலிபன் முன்னால் வந்தான்.

ரெமிஜியுஸ் பதிவேட்டை மூடினார். "புன்னைக்காயல் சந்தியாகு கர்வாலோ எங்க அப்பா."

ஜெயசிங் சட்டென்று சமாளித்தார். "அப்படியா? அப்பாவுக்கு மேலுக்கு முடியல போல. அதான் ஆள அனுப்பியிருக்காரு."

"போன மாசம் மண்ணு போட்டோம் அண்ணாச்சி. கல்லறைத் திருநாளுக்கு வேண்டிக்கிடச் சொல்லி, கோயில் கதவுல ஒட்டுத பட்டியலுக்கு அவரு பேரை எழுதிக் குடுத்ததே நான்தான்" என்றார் ரெமிஜியுஸ். "அந்தப் பட்டியல்ல உயிரோட இருக்கவங்க பேரை நாங்க எழுதுறதில்ல."