சிவப்புத் தட்டு

மகளின் வாய்வரை போய்விட்ட பிஸ்கட்டைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டார் மேடம். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் வேலையில் இருந்த டிகிரி என்ற பெண்ணுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதுவும் எங்கே? ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பிஸ்கட் செய்கிற கம்பெனியில். ருசி பார்க்கும் பிரிவுக்கே மேடம்தான் தலைமை.

"ஒண்ணே ஒண்ணும்மா," என்றாள் சிறுமி. பள்ளிக்கூடம் விட்டு நேராக அம்மாவின் ஆபீசுக்கு வந்திருந்தாள்.

மேடம் குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். சிறுமியின் கண்கள் விரிந்தன. மறுபேச்சில்லாமல் வீட்டுப்பாட நோட்டைப் பிரித்தாள்.

என்ன சொல்லி மிரட்டினாரோ, பாவம் என்று நினைத்துக்கொண்டாள் டிகிரி.

டிகிரி என்பது பேக்கிங் பிரிவு வைத்த பெயர். வீட்டில் முதல் பட்டதாரி தான்தான் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதுதான் அவள் வேலை. அந்தப் பக்கம் பிள்ளைகள் விளையாடுவார்கள். மேசைமேல் நீலம், பச்சை, சிவப்புத் தட்டுகள். மூன்றிலும் பார்வைக்கு ஒரே பிஸ்கட். சர்க்கரை மட்டும் தட்டுக்குத் தட்டு ஏறும்.

"நல்லா இருக்கான்னு பிள்ளைங்களைக் கேக்காதே," என்று மேடம் முதலிலேயே சொல்லியிருந்தார். "பெரியவங்க முகத்தைப் பார்த்து ஆமான்னுதான் சொல்லும். கையைப் பாரு. வயிறு நிறைஞ்ச பிறகும் எந்தத் தட்டுக்குக் கை திரும்பிப் போகுதோ, அதுதான் கடைக்குப் போகும்."

சில மாதங்களுக்கு முன் நடந்த சோதனையில் கைகள் சிவப்புக்கே போயின. பொம்மையைப் போட்டுவிட்டுப் போயின. ஒரு வாண்டு தூக்கச் சொக்கலிலும் அந்தப் பக்கமே கையை நீட்டியது. சிவப்புத் தட்டு கடைக்குப் போனது. மேடத்துக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். டிகிரியும் கை வலிக்கத் தட்டினாள்.

"பெத்த பிள்ளைக்கு ஒரு பிஸ்கட் கொடுக்க மனசு வரலையேண்ணே," என்று பிஸ்கட்டைப் பிடுங்கிய அன்று சாயங்காலம் பேக்கிங் அண்ணனிடம் புலம்பினாள்.

"மேடத்தைச் சொல்றியா? வாராவாரம் நமக்குத் தர்ற இலவச பாக்கெட்டையே அவங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போறதில்ல. இன்னைக்கும் என் தலையில கட்டிட்டாங்க. எனக்கே பல்லு ஆடுது, நீ வச்சுக்கோ. உங்க அண்ணன் பையனுக்கு ஆகும்."

வாங்கிப் பையில் வைக்கும்போதே அண்ணி போன் செய்தாள்.

"வரும்போது அந்த பிஸ்கட்டை மறந்துடாதேம்மா. காலையில இருந்து இவன் ஒரு வாய் சோறு உள்ளே விடல. 'அத்தை பிக்கெட்டு, அத்தை பிக்கெட்டு'ன்னு சுவத்துல தலையை முட்டறான். சர்க்கரையைக் கையில கொட்டித்தான் அடக்கி வச்சிருக்கேன். எனக்குப் பயமா இருக்கு."

"என் செல்லம் ஜாஸ்தியாயிடுச்சு, அதான் அண்ணி. இன்னைக்கு ரெண்டு பாக்கெட் வருதுன்னு சொல்லுங்க அவன்கிட்ட."

சிரித்தபடிதான் சொன்னாள். உள்ளுக்குள் பெருமை. வேலை செய்கிற இடத்திலிருந்து அலுப்பைத் தவிர அந்த வீட்டுக்கு இதுவரை யாரும் எதுவும் கொண்டுவந்ததில்லை.

வரவேற்பறை சோபாவில் சிறுமி தனியாக உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். மேடம் மீட்டிங்கில் இருந்தார். டிகிரிக்கு மனசு கேட்கவில்லை. இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாக்கெட்டைப் பிரித்தாள்.

"அம்மா வர்றதுக்குள்ள தின்னுடு. அக்கா யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சிறுமி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இது எந்தத் தட்டுக்கா?"

"சிவப்பு. இருக்கறதுலயே அதுதான் ருசி."

"அப்போ வேணாம்."

"அம்மா அடிப்பாங்களா?"

"எங்கம்மா அடிக்கவே மாட்டாங்க." சிறுமி நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினாள். "சிவப்பைத் தின்னா நிறுத்தவே முடியாதாம்கா. அப்புறம் சோறு இறங்காதாம். கிடைக்கலைன்னா கோவம் கோவமா வருமாம். அம்மாதான் அதை அப்படிச் செஞ்சாங்களாம். அதனால எனக்குக் கிடையாதாம்."

"பின்னே அது யாருக்காம்?"

பைக்குள் மறுபடி போன் அதிர்ந்தது. அண்ணிதான்.

"மத்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு," என்றாள் சிறுமி.